கியர் பெட்டி எண்ணெய்க் குழாய்க்கு டெஃப்லான் டேப் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில் அண்மையில் வாசகர் ஒருவர், தமது காரின் தானியங்கி கியர் பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் இணைப்பில் சிவப்பு நிற எண்ணெய் கசிவதாகவும், பட்டறையில் இறுக்கிக் கொடுத்தும் நிற்கவில்லை என்றும் கேட்டிருந்தார். இணைப்பைக் கழற்றி, மரையின் மேல் டெஃப்லான் டேப்பை நான்கைந்து சுற்று சுற்றி மீண்டும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று அவருக்குப் பதில் தரப்பட்டிருந்தது. அந்தப் பதில் தவறானது. அதைப் பின்பற்றுகிறவருக்குச் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை கியர் பெட்டியையே பிரிக்கும் செலவில் போய் நிற்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் விளக்கம் சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எந்த வண்டிகளைப் பற்றிய பேச்சு இது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் பெடல் இல்லாத கார்கள் அனைத்தையும் நாம் 'ஆட்டோமேட்டிக்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் 2014இல் மாருதி செலேரியோவோடு நம் ஊரில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர் பெட்டியேதான். நம் காலும் கையும் செய்யும் வேலையை அங்கே ஒரு சிறு இயக்கும் கருவி செய்கிறது. அதற்கு ரேடியேட்டர் வரை எண்ணெய்க் குழாய் கிடையாது. இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், எக்ஸ்.யூ.வி. 700, கிரெட்டா டீசல் போன்றவற்றின் ஆட்டோமேட்டிக் வகைகளில் இருப்பது டார்க் கன்வர்ட்டர் (என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) கொண்ட பெட்டி. இந்த வகையில் எண்ணெயே விசையைக் கடத்துகிறது, எண்ணெயே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிக்கிறது, எண்ணெயே உராய்வைக் குறைக்கிறது. அந்த எண்ணெய் சூடேறும். அதைக் குளிர்விக்க வேண்டும். சில மாடல்களில் குளிரூட்டி பெட்டியின் உடலிலேயே பொருத்தப்பட்டிருக்கும்; அங்கே எண்ணெய்க்கு நீண்ட குழாய் இல்லை. மற்றவற்றில் இரண்டு உலோகக் குழாய்களோ, நடுவில் ரப்பர் ஹோஸ் சேர்ந்த குழாய்களோ, ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் இருக்கும் குளிரூட்டிக்கோ அதன் முன்னால் இருக்கும் தனிக் குளிரூட்டிக்கோ போய்த் திரும்புகின்றன. வாசகரின் கேள்வி இந்தக் குழாய்களைப் பற்றியது.

இந்தக் குழாய்களுக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தம், பெட்டியின் உள்ளே கிளட்சுகளை இயக்கும் அழுத்தத்தைவிட மிகவும் குறைவு. அதனால்தானோ என்னவோ, எதைச் சுற்றினாலும் தாங்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் ஓட்டம் குறைவானதல்ல. என்ஜின் மெதுவாக ஓடும்போதே 20 விநாடிகளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் குளிரூட்டியிலிருந்து திரும்பி வர வேண்டும் என்பது பல பெட்டிகளுக்குச் சொல்லப்படும் சோதனை அளவு. அப்படியானால் ஒரு குழாய் இணைப்பிலிருந்து முற்றாகக் கழன்றுவிட்டால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் சாலையில் கொட்டும். ஓட்டுநர் பின்கண்ணாடியில் புகையைக் கவனிப்பதற்குள் பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கியிருக்கும்; அழுத்தம் விழும்; கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். எண்ணெய் சூடான சைலன்சர் குழாயிலோ, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரிலோ தெறித்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

இனி, கசிவை எது தடுக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். எந்த இணைப்பையும் கையில் எடுத்தவுடன், இதில் எந்த முகம் எந்த முகத்தோடு அழுந்தி எண்ணெயை அடைக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதே மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது. தானியங்கி கியர் பெட்டியின் குழாய்களில் காணப்படும் இணைப்பு வகைகளில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எதிலும் மரை எண்ணெயை அடைப்பதில்லை; இரு முகங்களை நெருக்கிப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அடைக்காத இடத்தில் டேப்பைச் சுற்றிவிட்டு, அடைக்கும் இடத்தில் உள்ள கீறலை அப்படியே விட்டுவிட்டால் கசிவு எப்படி நிற்கும்?

பரவலாகக் காணப்படுவது ஃப்ளேர் இணைப்பு. எஃகுக் குழாயின் முனையை 45 டிகிரிக் கோணத்தில் விரித்து, அந்த விளிம்பை உள்பக்கமாக மடித்து இரட்டையாக்கியிருப்பார்கள். குழாயின் மேல் நழுவிவரும் நட்டு அந்த விரிந்த முனையைப் பிடித்து, எதிரே உள்ள கூம்பின் மேல் அழுத்துகிறது. உலோகம் உலோகத்தின் மேல் அமர்ந்து அடைக்கிறது. ரப்பரோ பசையோ தேவையில்லை. இப்போது கூம்பில் ஒரு கீறல் இருக்கிறது, எண்ணெய் அதைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணெய் வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நட்டின் வெளிப்புற மரை வழி. மற்றொன்று நட்டின் நடுத் துளைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள சந்து. டேப் முதல் வழியை மட்டுமே மறிக்கும். இரண்டாவது வழி திறந்தே கிடக்கும். ஃப்ளேர் நட்டில் டேப் சுற்றிய பிறகும் குழாயை ஒட்டி எண்ணெய் ஊறி வருவதை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். போதாக்குறைக்கு, டேப் மரையை வழவழப்பாக்கிவிடுகிறது. அதனால் வழக்கமான கைப்பலத்திலேயே நட்டு கூடுதலாக இறுகி, விரிந்த முனையை நசுக்கி மெலிதாக்கிவிடுகிறது. அடுத்த முறை அது அமரவே அமராது.

ஃப்ளேரில் கசிவு வந்தால் செய்ய வேண்டியது முனையைப் பார்ப்பதுதான். கீறலோ வெடிப்போ ஒருபக்கச் சாய்வோ இருந்தால் அந்த முனையை வெட்டி, பிசிறு நீக்கி, மீண்டும் இரட்டை ஃப்ளேர் போட வேண்டும். குழாய் அதற்கு நீளம் தராவிட்டால் குழாயையே மாற்ற வேண்டும். இங்கே நம் ஊர்ப் பட்டறைகள் தவறும் இடங்கள் இரண்டு. ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கும் ஃப்ளேர் கருவி செப்புக் குழாயில் ஒற்றை ஃப்ளேர் போடுவதற்கானது. அதைக் கொண்டு எஃகுக் குழாயை விரித்தால் விளிம்பு பிளந்துகொள்ளும். எஃகு சரிவரவில்லை என்று செப்புக் குழாயைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதிர்வில் செம்பு இறுகிக் கெட்டிப்பட்டு ஒருநாள் விரிசல் விடும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. மற்றொன்று, ஹைட்ராலிக் ஹோஸ் தயாரிக்கும் கடைகளில் கிடைக்கும் இணைப்பு. ஜே.சி.பி. போன்ற இயந்திரங்களுக்கு ஹோஸ் அடித்துத் தரும் இந்தக் கடைகள் நல்ல வேலை செய்பவை. ஆனால் அங்கே வழக்கத்தில் உள்ள ஃப்ளேர் 37 டிகிரி. அதை 45 டிகிரிக் கூம்பில் அமர்த்தினால் முழு முகமும் தொடாமல் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். குளிர்ந்த நிலையில் கசியாது, சூடானதும் கசியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், கோண அளவுகோலை வைத்துப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

பேஞ்சோ போல்ட் வகையில் கதை வேறு. நடுவில் துளையிட்ட போல்ட் ஒன்று வளையம் போன்ற குழாய் முனையின் ஊடே சென்று பெட்டியில் இறங்குகிறது. வளையத்தின் இருபுறமும் செம்பு அல்லது அலுமினிய வாஷர். அந்த வாஷர் நசுங்கி உருமாறித்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அதே இடத்தில் அதே போல நசுங்காது. கழற்றிய வாஷரை வெளிச்சத்தில் பார்த்தால் அதில் வட்டமாக ஒரு பள்ளம் பதிந்திருப்பது தெரியும். எனவே கழற்றும்போதெல்லாம் இரண்டு வாஷரையும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டுமல்ல. இதன் விலை ஒரு தேநீர் விலையைவிடப் பெரிதாக அதிகமில்லை. இருந்தும் பழைய வாஷரையே போட்டுவிட்டு, கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்குகிறார்கள். அந்த போல்ட் உள்ளே கூடாகவும் பக்கத்தில் குறுக்குத் துளையோடும் இருப்பது. அதிகம் முறுக்கினால் அந்தத் துளை இருக்கும் இடத்திலேயே ஒடியும், ஒடிந்த மிச்சம் அலுமினிய உடலுக்குள் சிக்கிக்கொள்ளும்.

ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் கொண்ட யூனியன்கள் (குழாயைப் பெட்டியோடு இணைக்கும் திருகு இணைப்புகள்) ஜப்பானிய வடிவமைப்பில் உள்ள பல பெட்டிகளில் காணப்படுகின்றன. யூனியனின் நேரான மரை பெட்டியில் இறங்க, அதன் தோளடியில் உள்ள ரப்பர் வளையம் அடைக்கிறது. இங்கே கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் வளையம் சூட்டில் விறைத்துப்போவதே. மாற்றுவது எளிது, ஆனால் எந்த ரப்பர் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கறுப்பு வளையங்கள் எல்லாம் ஒன்றல்ல. பிரேக் திரவத்துக்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும் ஏற்ற ஈ.பி.டி.எம். ரப்பர், கியர் பெட்டி எண்ணெயில் ஊறினால் உப்பிப் பிசுபிசுத்துப் போகும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், ஆனால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் தொடர்ந்து இருந்தால் ஆயுள் குறையும். அதைவிட உயர்ந்த வெப்பத்துக்கு ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைலோ விட்டான் வகையோ வேண்டும். மலைப்பாதையில் முழுச் சுமையோடு ஏறும் வண்டியின் எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டுவது அரிதல்ல என்பதால், கருவிப் பெட்டியில் கிடந்த ஏதோ ஒரு வளையம் அளவுக்குப் பொருந்திவிட்டது என்று போட்டுவிடக் கூடாது. போடும்போது வளையத்தைக் கியர் பெட்டியின் எண்ணெயிலேயே நனைத்துப் போட வேண்டும். உலர்ந்த வளையம் மரை விளிம்பில் உரசிச் சீவப்பட்டுவிடும்.

இப்போது வரும் வண்டிகளில் மரையே இல்லாத, 'டக்' என்று சொருகும் இணைப்புகளும் உள்ளன. குழாயின் முனையில் உள்ள மேடு, இணைப்புக்குள் இருக்கும் கம்பி கிளிப்பைத் தாண்டி உள்ளே போய் நின்றுகொள்ளும். உள்ளே ஒரு ஓ-ரிங் அடைக்கும். முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்றால், வெளியே பார்க்கப் பூட்டிக்கொண்டதுபோலவே இருக்கும். அழுத்தமும் அதிர்வும் சேரும்போது வெளியே வந்துவிடும். இது ஏட்டளவிலான அச்சமல்ல. 2014 மார்ச் மாத இறுதியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 2014 மாடல் சில்வராடோ, சியர்ரா பிக்கப் வண்டிகளையும் 2015 மாடல் டஹோ, சபர்பன் உள்ளிட்ட வண்டிகளையும் சேர்த்துச் சுமார் 4,90,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கியர் பெட்டி எண்ணெய்க் குளிரூட்டிக் குழாய் இணைப்பில் சரியாக அமராமல் இருக்கலாம், அதனால் எண்ணெய் கசிந்து சூடான பரப்பில் பட்டுத் தீப்பிடிக்கலாம் என்பதே காரணம். தொழிற்சாலையில் அளவுகருவிகளோடு பொருத்தும் இடத்திலேயே இது நடக்குமானால், குழிக்குள் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் பொருத்தும் நம் மெக்கானிக் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! சொருகியபின் குழாயைப் பின்னுக்கு இழுத்துப் பார்ப்பது ஒரு நொடி வேலை; அதைச் செய்யாமல் விடக் கூடாது. கழற்றிய கிளிப் வாய் அகன்றிருந்தால் புதிதுதான் போட வேண்டும்.

மரையே அடைக்கும் அந்த ஒரே வகைக்கு இப்போது வருகிறேன். அதுதான் கூம்பு மரை. 16 அலகு நீளத்துக்கு ஓர் அலகு விட்டம் குறைந்துகொண்டே போகும்படி வெட்டப்பட்ட மரை. உள்ளே போகப் போக இறுகும். இறுகினாலும் மரையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சுருள் வழியாக ஒரு மெல்லிய இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். அதை நிரப்ப ஏதேனும் ஒன்று தேவை. பழைய அமெரிக்க வண்டிகளிலும், பின்னர் வாங்கிப் பொருத்தும் தனிக் குளிரூட்டிகளோடு வரும் இணைப்புகளிலும் இந்த வகையைக் காணலாம். டேப் சுற்றும் வழக்கம் இங்கிருந்துதான் மற்ற இணைப்புகளுக்கும் பரவியது என்று கருதுகிறேன். வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரையும் கூம்பு மரைதானே.

ஆனால் இங்கும் ஒரு குழி இருக்கிறது. அமெரிக்க என்.பி.டி. மரையும் நம் நாட்டில் தண்ணீர்க் குழாய்களில் வழங்கும் பிரிட்டிஷ் குழாய் மரையும் ஒன்றல்ல. முன்னதன் பல்லின் கோணம் 60 டிகிரி, பின்னதில் 55 டிகிரி. கால் அங்குல அளவில் ஓர் அங்குலத்துக்கு முன்னதில் 18 மரை, பின்னதில் 19 மரை. அரைக்கால் அங்குலத்தில் 27க்கு 28. இரண்டு மூன்று சுற்று இயல்பாகப் போகும், பிறகு சிக்கும். சிக்கியதை இறுகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நீட்டமான ஸ்பேனரால் அழுத்தினால் அலுமினிய மரை உரிந்துபோகும். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் மெட்ரிக் மரையோ பிரிட்டிஷ் குழாய் மரைக்கு இணையானதோ இருக்கும். அவற்றில் அமெரிக்க இணைப்போடு வரும் குளிரூட்டியைப் பொருத்த முயல்கிறவர்கள் மரை அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகே இணைப்பைக் கையில் எடுக்க வேண்டும். இன்னொன்று: பெட்டியின் துளை நேர் மரையாக இருந்து, அதில் கூம்பு மரை இணைப்பைத் திணித்தால், ஆப்பு அடித்துக் கட்டையைப் பிளப்பதுபோல அலுமினிய உடல் பிளந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பசையும் உதவாது.

உண்மையான கூம்பு மரைக்கு நான் பரிந்துரைப்பது, காற்று படாத இடத்தில் இறுகும் தன்மையுள்ள திரவ மரை அடைப்பான். டெஃப்லான் துகள் கலந்து பசைபோல வரும் இவ்வகை, உலோகங்களுக்கு இடையே காற்று இல்லாமல் சிக்கும்போது மட்டும் கெட்டியாகும். மரையைத் தாண்டி உள்ளே பிதுங்கியது கெட்டியாகாமல் எண்ணெயோடு கரைந்து போய்விடும். எஃகிலும் பித்தளையிலும் இது விரைவாக இறுகும், அலுமினியத்தில் சற்றுத் தாமதமாகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சரியாகப் பிடிக்காது என்பதால் இரு மரைகளையும் கிளீனரால் துடைத்து உலர விட வேண்டும். முனையில் முதல் இரண்டு மரைகளுக்குப் பூசக் கூடாது. டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் கழியும் வரை என்ஜினை இயக்கக் கூடாது. இந்தப் பொறுமைதான் பட்டறைகளில் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் இணைப்புகளில் இதைப் பயன்படுத்தினால் சிலவகைப் பிளாஸ்டிக் வெடிப்பு விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டேப்பை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்று சிலர் கேட்கக்கூடும். டெஃப்லான் நல்ல பொருள். கியர் பெட்டியின் எண்ணெயும் வெப்பமும் அதை ஒன்றும் செய்யாது. எதுவும் செய்யாது என்பதே இங்கே சிக்கல். மரையை இறுக்கும்போது டேப்பின் ஓரம் சீவப்பட்டு, மெல்லிய இழையாக உள்ளே தொங்கும். அது கரையாது, உருகாது, ஓட்டத்தோடு போகும். பெட்டியில் வடிகட்டி இருக்கிறதே என்பார்கள். வடிகட்டி இருப்பது பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கும் அடித்தட்டில், பம்பு எண்ணெயை உறிஞ்சும் வாயில். ஆனால் பல பெட்டிகளில், குளிரூட்டியிலிருந்து திரும்பும் எண்ணெய் நேரே அடித்தட்டுக்குப் போவதில்லை. பற்சக்கரங்களுக்கும், சுழலும் தண்டுகளைத் தாங்கும் புஷ்களுக்கும் உயவு தரும் துளைகளுக்குத்தான் முதலில் போகிறது. திரும்பும் குழாயின் இணைப்பில் சுற்றிய டேப்பின் இழை, வடிகட்டியைச் சந்திக்கும் முன்பே ஒரு சிறு உயவுத் துளையின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளலாம். எண்ணெய் கிடைக்காத புஷ் கருகி உடைந்து, அந்தத் தூள் பெட்டி முழுவதும் சுற்றும். பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்போது காரணம் டேப் என்று எவருக்கும் தோன்றாது. போகும் குழாயில் சுற்றினால் இழை குளிரூட்டியின் மெல்லிய தடங்களில் சிக்கி ஓட்டத்தைக் குறைக்கும். எண்ணெயின் போக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியில் வால்வுக்கும் துளைக்கும் இடையே விடப்பட்டிருக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அங்கே எந்த அந்நியப் பொருளுக்கும் இடமில்லை.

சிலிகான் பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடித்தட்டுக்குப் போடும் பசையையே குழாய் இணைப்பிலும் தடவுகிறார்கள். உள்ளே பிதுங்கிய பசை ரப்பர் மணிகளாக இறுகி, பின்பு கழன்று பயணம் போகும். ஷெல்லாக் எனும் அரக்குப் பசையும் அப்படியே. மரையில் வேண்டாம், ஃப்ளேர் முகத்தில் அறவே வேண்டாம்.

இறுக்கும் முறையில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ரேடியேட்டர் பக்க இணைப்பைக் கழற்றும்போதும் இறுக்கும்போதும் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ரேடியேட்டரோடு சேர்ந்த அறுகோண இணைப்பை ஒரு ஸ்பேனர் பிடித்துக்கொள்ள, குழாயின் நட்டை மற்றொன்று திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால், பிளாஸ்டிக் தொட்டிக்குள் இருக்கும் குளிரூட்டியே முறுக்கப்பட்டு, அதன் பற்றவைப்போ தொட்டியின் அடைப்போ விட்டுப்போகும். அப்போது வெளியே ஒரு துளிகூடக் கசியாது. உள்ளுக்குள்ளே கூலன்ட்டும் எண்ணெயும் கலக்கும். எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் நுரைக்கும். கிளட்ச் தட்டுகளில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசை நீரில் இளகித் தாள் உரியும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், ஃப்ரான்டியர், எக்ஸ்டெர்ரா வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருந்த குளிரூட்டி பழுதாகி இப்படிக் கலந்து, வழக்கு வரை போய், அந்நிறுவனம் அந்தப் பாகத்துக்கான உத்தரவாதத்தை நீட்டிக்க நேர்ந்தது. அங்கே காரணம் ரேடியேட்டரின் குறை. இங்கே நாமே ஸ்பேனரால் அதை வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நட்டைத் திருப்பச் சாதாரண வாய் ஸ்பேனரும் ஏற்றதல்ல. அது இரண்டு முகங்களை மட்டும் பிடித்து மூலையை மழுக்கும். குழாய் நுழைய ஒரு பக்கம் திறப்புள்ள ஃப்ளேர் நட் ஸ்பேனர் என்று தனியாகவே கிடைக்கிறது.

நடுவில் ரப்பர் ஹோஸ் உள்ள வண்டிகளில் அதையும் பார்க்க வேண்டும். ஹீட்டர் தண்ணீர் ஹோஸ் உள்விட்டம் பொருந்தினாலும் உதவாது. அது பெரும்பாலும் மேலே சொன்ன ஈ.பி.டி.எம். ரப்பர்தான். கியர் பெட்டி எண்ணெய்க் குளிரூட்டி ஹோஸ் என்றே எஸ்.ஏ.இ. ஜே 1532 என்ற தர அளவில் தயாரிக்கப்படுவது உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த வாசகரின் கசிவு உண்மையில் அந்த இணைப்பிலிருந்துதான் வருகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓடும் வண்டியின் அடியில் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும். மேலே கசிந்தது கீழே உள்ள நட்டில் துளியாகத் தொங்கும். செலக்டர் தண்டின் சீலில் கசிந்தாலும், அடித்தட்டு கேஸ்கெட்டில் கசிந்தாலும், குழாய் நட்டுதான் பழியைச் சுமக்கும். அந்தப் பகுதியைக் கிளீனரால் நன்றாகக் கழுவி, உலரவிட்டு, டால்கம் பவுடரைத் தூவி, என்ஜினைச் சூடாகும் வரை இயக்கிப் பார்த்தால் எண்ணெய் புறப்படும் இடம் வெண்மையில் சிவப்பாகத் தெரியும். சில கூலன்ட்டுகளும் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பதால், ஒரு துளியை விரலில் தேய்த்துப் பார்ப்பதும் நல்லது. இறுக்கியும் நிற்கவில்லை என்று அவர் எழுதியிருப்பதால், இறுக்கம் அங்கே குறையல்ல என்பது மட்டும் உறுதி.

இழந்த எண்ணெயை ஈடுசெய்வதும் சாலையோரத்தில் செய்யும் வேலை அல்ல. இன்றைய பெட்டிகள் பலவற்றில் அளவுக் குச்சியே இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 40 டிகிரிக்கு அருகில் குறிப்பிட்ட வெப்பத்தில் இருக்கும்போது, அளவுத் துளையின் அடைப்பானைத் திறந்து வழிவதைப் பார்த்துத்தான் அளவைச் சரிசெய்ய வேண்டும். எந்த எண்ணெய் என்பது கையேட்டில் இருக்கும். சிவப்பு நிறம் என்ற ஒரே ஒற்றுமையை நம்பிக் கலக்கக் கூடாது.

தங்களிடம் எனது வேண்டுகோள் இரண்டு. முதலாவது, முன்னர் வெளியான பதிலுக்கு அதே பகுதியில் அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். அந்தப் பகுதியைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, இதுபோன்ற கேள்விகளுக்குப் பதில் தருவதற்கு முன் வண்டியின் மாடலையும் இணைப்பின் படத்தையும் கேட்டுப் பெற வேண்டும். இணைப்பைக் காணாமல் மருந்து சொல்ல முடியாது. உதிரிபாக வணிகர்களும் குழாயை விற்கும்போது அதற்குரிய வாஷரையும் ஓ-ரிங்கையும் சேர்த்தே தரலாம். வாடிக்கையாளர் பில்லில் அவை இருக்கின்றனவா என்று பார்க்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் இணைப்பு வகைகளைப் படமாகக் காட்டுவதோடு நிறுத்தாமல், வெட்டிப் பிளந்த மாதிரிகளாக மாணவர் கையில் கொடுப்பது பெரிய செலவில்லாத காரியம். பழைய இணைப்புகளை ரம்பத்தால் நெடுக்காக அறுத்தாலே போதும்.

அந்த வாசகர் ஏற்கெனவே டேப்பைச் சுற்றிவிட்டிருந்தால் அவருக்கு ஒரு குறிப்பு. வண்டியை மேலும் ஓட்டாமல் இணைப்பைக் கழற்றி, இரு பக்க மரைகளிலும் ஒட்டியிருக்கும் இழைகளைக் கூரிய முனையால் ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்து உள்ளே தள்ளிவிடக் கூடாது. குழாய்களையும் குளிரூட்டியையும் வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் கழுவி, வெளிவரும் எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்க்க வேண்டும். துணியில் இழை ஏதும் சிக்கினால், அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியையும் எண்ணெயையும் மாற்றிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்றுநர்,
கோயம்புத்தூர்.